ஷிப்மெண்ட் வாரத்தில் ஜெபா சிஸ்டர்

பினாங்கில் நான் மேட்ரனாக, அதாவது தலைமை நர்ஸாக, வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் விளையாட்டு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. விளையாட்டைத் தவிர மற்ற எல்லாம் அதில் நடக்கும். இந்த வருடம் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ-சர்ட் அடிப்பது என்று முடிவாயிற்று. நான் விடுப்பில் தமிழ்நாடு போவதாக வாய் தவறிச் சொன்னதும், "திருப்பூர் மேட்ரனின் சொந்த ஊர்தானே!" என்று ஒரு சீன டாக்டரம்மா கைதட்டிவிட்டார். எங்கள் பூர்வீகம் நாகப்பட்டினம் பக்கம், அது தமிழ்நாட்டின் மறு ஓரம் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதிலும் ஏறவில்லை. அளவுப் பட்டியலோடு விமானம் ஏறினேன்.

நல்லவேளை, திருப்பூரில் எனக்கு ஓர் ஆள் இருந்தாள். ஜெபராணி. ரியாத்தில் நாங்கள் இருவரும் ஒரே விடுதி அறையில் தங்கி நர்ஸ் வேலை பார்த்தவர்கள். தெற்கே திசையன்விளைப் பக்கத்துப் பெண். இப்போது கணவர் செல்வினோடு திருப்பூரில் இருக்கிறாள். செல்வின் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதாவது துணியை அடுக்கடுக்காகப் போட்டு அளவுக்கு வெட்டுகிறவர். ஜெபா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கு நர்சிங் இன்சார்ஜ்.

செவ்வாய்க்கிழமை மாலை என்னை அழைத்துப் போக ஸ்கூட்டரில் வந்திருந்தாள். "கார் எங்கே?" என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இதுலயே ஒரு குடும்பமும் ரெண்டு பனியன் மூட்டையும் போவும்க்கா. நீங்க ஒத்த ஆளுதான?" என்றாள். போகிற வழியெல்லாம் பார்த்தேன், அவள் சொன்னது உண்மைதான். எங்கள் முன்னால் போன ஸ்கூட்டரில் மூட்டைகளுக்கு நடுவே ஓட்டுபவரின் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

வேலம்பாளையத்தில் அவள் இருப்பது லைன் வீடு. ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். மாடியில் வீட்டுக்காரம்மா ராஜாமணி. குழாயில் யார் எப்போது தண்ணீர் பிடிப்பது, பிள்ளைகள் எதுவரை கத்தலாம் என்பதெல்லாம் அவர் போட்ட சட்டம். நான் உள்ளே நுழைந்ததும் மேலிருந்து எட்டிப் பார்த்து, "விருந்தாளிங்களா? வாங்க, வாங்க. செருப்ப மட்டும் ஓரமா உடுங்க" என்றார். எங்கள் ஊர் விமான நிலையத்துக் குடிநுழைவு அதிகாரி இவ்வளவு மரியாதையாக எதையும் கண்டித்ததில்லை.

கடைசி வீட்டு வாசலில் ஒரு மலை அளவு டீ-சர்ட்டுக்கு நடுவே ஓர் அம்மா உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பிள்ளைகள். ஒன்று வீட்டுப்பாடம் எழுதுகிறது, ஒன்று தூங்குகிறது, ஒன்று அழ இடம் தேடுகிறது. இவர்தான் மும்தாஜ் அக்கா. "வாங்க கண்ணு, உக்காருங்க. சேலைல பிசிறு ஒட்டிக்கும், பாத்து" என்றார். ஐம்பது வயதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததில் எனக்கு வாயெல்லாம் பல்.

"இத்தனை பிள்ளைகளும் அவங்களுடையதா?" என்று ஜெபாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அவிய மகனுக்குக் கல்யாண வயசாச்சு. இதுவள் எல்லாம் எங்க நர்சுமாரு பிள்ளைக" என்றாள். அவளுடைய மகளும் அந்தக் கூட்டத்தில்தான் வளர்ந்தாளாம்.

மறுநாள் ஜெபாவின் ஆஸ்பத்திரியில் நான் பேச வேண்டும். தலைப்பு, தலைமைப் பண்பு. இந்த விஷயத்தில் எனக்குச் சான்றிதழ் உண்டு. எங்கள் நிர்வாகம் ஒரு கடற்கரை ஓட்டலில் பஃபே சாப்பாட்டோடு பயிற்சி கொடுத்து வாங்கித் தந்தது. ஜெபா காலையிலேயே டூட்டிக்குப் போய்விட்டாள். "முக்குல நின்னு கையக் காட்டுங்கக்கா, மினி பஸ் நிக்கும்" என்று சொல்லியிருந்தாள்.

கையைக் காட்டினேன். வெள்ளை வேன் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்து இட்லி நீட்டினாள். எங்கள் ஊரில் பேருந்தில் பக்கத்து ஆள் கண்ணைப் பார்த்தாலே போனை எடுத்து முகத்தை மறைத்துக்கொள்வார்கள், இங்கே இட்லி கொடுக்கிறார்களே என்று உருகிப் போய் இரண்டு சாப்பிட்டேன். டிக்கெட் கேட்க மட்டும் யாரும் வரவில்லை.

வேன் நின்ற இடம் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் வாசல். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "புது ஆளுங்களா? டைலருங்களா, செக்கிங்குங்களா?" என்று கேட்டார். நான் மேட்ரன் என்றேன். அப்படி ஒரு செக்ஷன் இல்லீங்களே என்று அவர் யோசிக்க ஆரம்பித்தார். வேன் டிரைவர் முருகேசன் இறங்கி வந்து, "ஏனுங்க, ஜெபா சிஸ்டரு ஊட்டுக்கு வந்த மலேசியா அம்மாங்களா நீங்க?" என்று காப்பாற்றினார். ஊரில் எனக்கு முன்னால் என் செய்தி வந்து சேர்ந்திருக்கிறது. காலி வேனில் திரும்பக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார். வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பேக்கரி. எங்கள் கோப்பிக் கடைகளைப் போலவே அங்கேயும் உலகத்தின் எல்லாப் பிரச்சினைகளும் நின்றுகொண்டே தீர்க்கப்படுகின்றன.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. முதல் ஸ்லைடில் ஒரு கழுகு. தலைவர் என்பவர் தனித்து உயரத்தில் பறப்பவர் என்று பயிற்சியில் சொன்னதை அப்படியே சொன்னேன். நர்சுகள் கவனமாகக் கேட்டார்கள். கேள்வி நேரத்தில் கவிதா என்ற இளம் நர்ஸ் எழுந்தாள்.

"மேடம், நீங்க நைட் டூட்டி பாத்தப்ப உங்க புள்ளைகள யாருங்க பாத்துக்கிட்டாங்க?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஸ்லைடு இல்லை. "சித்தி" என்றேன். சித்தி என்பது எங்கள் வீட்டில் பல வருடம் வேலை பார்த்த இந்தோனேசியப் பெண்ணின் பெயர். அறை முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. "சித்தி இருந்தாங்களா, அப்பச் சரிங்க" என்று கவிதா உட்கார்ந்துவிட்டாள். விளக்கம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெபா நன்றி ஸ்லைடை அழுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை டீ-சர்ட் வேலையாக அலைந்தேன். போன இடத்திலெல்லாம் "என்ன ஜிஎஸ்எம்முங்க?" என்று கேட்டார்கள். துணியின் கனத்தை அப்படிச் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை என்பதுதான். பச்சையிலும் நூறு வகை எடுத்துப் போட்டு என்னைத் திணறடித்து, கடைசியில் அவர்களே பரிதாபப்பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்தார்கள்.

அன்று மாலை சாப்பாட்டின்போதுதான் ஜெபாவின் நிர்வாகத்தைக் கண்ணால் பார்த்தேன். மும்தாஜ் அக்கா கொடுத்தனுப்பிய அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், பக்கத்தில் அப்பளம். இந்த ஒரு சாதத்துக்காகவே கொங்கு நாட்டுக்காரர்களின் மற்ற எல்லாச் சட்டதிட்டங்களையும் மன்னித்துவிடலாம். ஜெபா சாப்பிடாமல் ஒவ்வொருவராகப் போனில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, உங்க கம்பெனில ஷிப்மெண்ட் என்னைக்குங்க? ... திங்களா? சரிங்க. ... முருகேசண்ணே, உங்க பக்கம்? ... அதுவும் திங்களா?"

"நீ நர்சா, ஏற்றுமதி ஏஜெண்டா?" என்று கேட்டேன்.

"டூட்டி லிஸ்ட் போடுதேன்க்கா" என்றாள்.

விஷயம் இதுதான். அவளுடைய நர்சுகளில் பெரும்பாலோரின் கணவர்கள் டைலர், அயர்ன் மாஸ்டர், செக்கிங். சாதாரண நாளிலேயே ஒன்றரை ஷிப்ட். சரக்கு கப்பலுக்குப் போகும் தேதி நெருங்கினால் விடிய விடிய வேலை. அந்த வாரம் மனைவிக்கும் நைட் டூட்டி விழுந்தால் வீட்டில் பிள்ளை தனியாக இருக்கும். அதனால் முதலில் ஷிப்மெண்ட் தேதி, பிறகுதான் டூட்டி லிஸ்ட். அப்படியும் இடித்தால் பிள்ளை மும்தாஜ் அக்காவிடம் வந்துவிடும், முருகேசன் வேன் நர்ஸை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும். எங்கள் ஊரில் டூட்டி லிஸ்ட்டை ஒரு ஆப் போடுகிறது. யாருக்காவது கோபம் வந்தால் ஆப்பைத் திட்டுவோம், அதுவும் கோபித்துக்கொள்ளாது.

"பெரிய டாக்டர் என்னய நர்சிங் சூப்பிரண்டென்டா வரச் சொல்லுதாரு" என்றாள் ஜெபா திடீரென்று. "சனிக்கிழம பதில் சொல்லணும்."

நான் கையைக் கழுவாமலேயே அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

"வேண்டாம்னுதான் சொல்லப் போறேன்க்கா. மும்தாஜக்கா வீடு மாத்துதாவ. மகன் பெருமாநல்லூர்ல சொந்தமா மெஷின் போட்டிருக்கான். கீழ கம்பெனி, மேல வீடு. சனிக்கிழம லாரி வருது."

"அதனால்?"

"அதனாலயா? நான் ஒண்ணும் பெரிய நிர்வாகி இல்லக்கா. கட்டிலுக்கு நாலு காலுன்னா, மும்தாஜக்கா ஒரு காலு, எங்க வீட்டுக்காரரு ஒண்ணு, முருகேசண்ணே ஒண்ணு. மிச்சம் ஒண்ணுதான் நான். ஒரு கால உருவிட்டா கட்டிலு நிக்குமா? ஒரு வார்டுன்னா எப்படியோ சமாளிப்பேன். முழு ஆஸ்பத்திரிய எப்படிக்கா?"

கடற்கரை ஓட்டலில் படித்ததெல்லாம் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வர வேண்டுமா? தன்னம்பிக்கை, ஆளுமை என்று ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏக்கா, தன்னம்பிக்கையா பிள்ளைக்குச் சோறு ஊட்டும்?" என்றாள்.

மும்தாஜ் அக்காவிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். "எப்படிச் சொல்ல? மகன் புதுசாத் தொழில் ஆரம்பிச்சிருக்கான். போறவியளப் போவாதியன்னு சொல்லவா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவளுடைய ஆஸ்பத்திரிக்குச் சும்மா போயிருந்தேன். நைட் டூட்டி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த கவிதா என்னை மருந்து அறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "மேடம், ஜெபா சிஸ்டர் மாட்டேன்னுட்டா கோயமுத்தூர்ல இருந்து வேற ஆளப் போடுவாங்களாமாங்க. வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஷிப்மெண்ட்டுன்னா என்னன்னு தெரியுங்களா? போன வருசம் ஒருத்தங்க தற்காலிகமா வந்தாங்க. ஒரே மாசத்துல நாலு பேரு வேலைய உட்டுப் போயிட்டாங்க. அடுத்தது நான்தானுங்க. எப்படியாச்சும் நீங்க சொல்லுங்க மேடம்." அவள் கண் கலங்கியிருந்தது. கைக்குழந்தைக்காரி.

ஜெபாவிடம் சொன்னதற்குத்தான் பதில் வாங்கிக்கட்டிக்கொண்டேனே. ஆனால் என் வாயில் எதுவும் தங்காது. லைன் வீட்டுக்குத் திரும்பியதும் நேராக மும்தாஜ் அக்கா வாசலுக்குப் போனேன். உள்ளே பாத்திரங்கள் சாக்கில் கட்டி, பாய்கள் சுருட்டி, எல்லாம் லாரிக்குத் தயாராக இருந்தன. ஜெபா சொன்னது அத்தனையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் பிசிறு வெட்டுவதை நிறுத்தவில்லை. "அப்படிங்களா" என்றார், அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குறைந்தபட்சம் கத்தரியையாவது கீழே வைத்திருக்கலாம்.

அன்று மதியத்துக்கு மேல் ஊரே தலைகீழாயிற்று. கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறதாம். திங்கட்கிழமை போக வேண்டிய சரக்கு சனிக்கிழமை காலையில் லாரி ஏற வேண்டும். அந்த வட்டாரத்தில் ஏழெட்டுக் கம்பெனிகள் ஒரே ஆர்டருக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தன. எல்லா டைலர்களையும் விடிய விடிய நிறுத்திவிட்டார்கள். செல்வினும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலோ காய்ச்சல் வார்டு நிரம்பி வழிகிறது. இரவு டூட்டி நர்சுகள் ஒவ்வொருவராக ஜெபாவுக்குப் போன் செய்து, வீட்டில் பிள்ளை தனியாக இருக்கிறது, எப்படி வருவது என்று கேட்டிருக்கிறார்கள்.

மாலையில் ஜெபா என்னைப் போனில் கூப்பிட்டாள். "மகளுக்குச் சோறு மட்டும் போட்டிருங்கக்கா. நான் நைட்டும் இங்கயே இருந்துருதேன். வாற ஆளுகள வச்சு ஓட்டிருவேன்." "மும்தாஜ் அக்காவிடம் சொல்லட்டுமா?" என்றேன். "சொல்லிராதிய! மூட்ட கட்டி வச்சிருக்காவ, விடிஞ்சா லாரி" என்று வைத்துவிட்டாள்.

நான் போனை வைத்துவிட்டு வெளியே வருகிறேன், காம்பவுண்டு வாசலில் முருகேசனின் வேன். கதவு திறந்ததும் பிள்ளைகள் உருண்டு வந்தன. பனியன் மூட்டைக்குப் பதில் பிள்ளை மூட்டை. கவிதா தன் கைக்குழந்தையோடு கடைசியாக இறங்கினாள்.

"யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டேன்.

"மும்தாஜக்காதானுங்க போன் போட்டு, ஒவ்வொரு ஊடா போயிப் பொறுக்கீட்டு வான்னாங்க" என்றார் முருகேசன்.

மும்தாஜ் அக்கா ஏற்கனவே மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுருட்டிய பாய்கள் விரிந்தன. சாக்கிலிருந்து அண்டா வெளியே வந்தது. கவிதாவின் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ வேன்ல ஏறு கண்ணு. ஜெபாகிட்ட ஒண்ணுஞ் சொல்லாத, டூட்டியப் பாரு" என்று அனுப்பினார். அதே வேனில் மற்ற நர்சுகளும் ஏறிப் போனார்கள்.

இத்தனை சத்தத்துக்கு மாடியிலிருந்து ராஜாமணி அம்மா இறங்கி வந்தார். போச்சுடா என்று நான் ஓரமாக ஒதுங்கினேன். அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார்.

"இத்தனை பேருக்கு இது பத்தாதுங்க. எங்க ஊட்டுப் பெரிய குக்கரக் கொண்டாறேன்" என்றவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்க சும்மாதான நிக்கறீங்க? அந்தப் புள்ளைக்குச் சடையப் பின்னி உடுங்க" என்றார். பினாங்கில் நான்கு வார்டுகளுக்கு மேட்ரன் நான். சடை பின்னினேன். கோணலாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னச் சொன்னது.

விடிந்தது. மும்தாஜ் அக்கா வீட்டுச் சாமான் ஏற்ற லாரி வந்து தெருவில் நின்றுவிட்டது. பிள்ளைகள் பாதி தூக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தன. ஜெபா நைட் முடிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். இரவு டூட்டிக்கு ஒருவர் பாக்கியில்லாமல் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று அவளுக்கு விளங்கவே இல்லையாம். கேட்டால் எல்லோரும் சிரித்து மழுப்பியிருக்கிறார்கள். குளித்துவிட்டுப் போய்ப் பெரிய டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்றபடி காம்பவுண்டுக்குள் நுழைந்தவள், பாய்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே மும்தாஜ் அக்காவும் ராஜாமணி அம்மாவும் ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் நின்று நின்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

"இவன் வெண்டிக்காயத் தொட மாட்டானுங்க. அடிக்காதீங்க, தயிர ஊத்திக் குடுத்தா எறங்கிரும். ... இவளுக்கு இருட்டுன்னாப் பயம், லைட்டப் போட்டே வையுங்க. ... இவனுக்கு மூச்சு எளைப்பு இருக்குது. பம்பு பையில இருக்கும், ராத்திரில ஒருவாட்டி எந்திரிச்சுப் பாக்கோணும். ... இது கவிதா புள்ள. தோள்ல போட்டாத்தான் தூங்கும்."

ராஜாமணி அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். வார்டில் ஷிப்ட் மாறும்போது கட்டிலுக்குக் கட்டில் நின்று நோயாளியை ஒப்படைப்போம். முப்பது வருடமாக நான் அதைச் செய்கிறேன், மற்றவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். இவ்வளவு சுத்தமான ஒப்படைப்பை நான் பார்த்ததில்லை.

"வீட்டுக்காரம்மா, இனிமே பிள்ளைகள நீங்களா பாக்கப் போறிய? உங்களுக்குத்தான் சத்தமே ஆவாதே?" என்றாள் ஜெபா, நம்ப முடியாமல்.

"ஆகாதுங்க" என்றார் ராஜாமணி அம்மா. "ஆனாப் பகலெல்லாம் மேல ஒத்தையா டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்கறனுங்க. கீழ சத்தம் நின்னுபோச்சுன்னா நான் யாரைங்க வையறது?"

மும்தாஜ் அக்கா ஜெபாவைப் பார்த்தார். கோபமாகத்தான் பார்த்தார். "நான் ஊடு மாறிப் போறதுக்கு நீ வேலைய வேண்டாங்கறியா? எம்பேரைச் சொல்லி?" ஜெபா வாய் திறப்பதற்குள் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளைகளின் வரிசையில், பாயின் கடைசியில் உட்கார வைத்தார். பிறகு ராஜாமணி அம்மாவிடம் திரும்பினார்.

"இன்னொண்ணு பாக்கி இருக்குதுங்க. இது பெரிய புள்ள. பசிச்சாலும் சொல்லாது. ஊருக்கெல்லாம் போன் போட்டுக் கேக்கும், தனக்குன்னு ஒண்ணும் கேட்டு வாங்கத் தெரியாது. நைட்டு முடிஞ்சு வந்தா மொதல்ல சோத்தப் போடுங்க. அப்புறமாப் பேச உடுங்க."

ராஜாமணி அம்மா மற்றப் பிள்ளைகளுக்குத் தலையாட்டியது போலவே இதற்கும் ஆட்டினார். "சரிங்க. காரம் சேருங்களா இதுக்கு?" என்று கேட்டார்.

ஜெபா குனிந்துகொண்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. எனக்கு அவள் மேல் பொறாமையாகக்கூட இருந்தது. கவிதாவின் குழந்தை மட்டும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தது.

சோறு வந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடாமல் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். கையைத் துடைத்துக்கொண்டு ஜெபா பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், ஜெபராணி பேசுதேங்க. சூப்பிரண்டென்ட் வேலைய எடுத்துக்கிடுதேன் சார்."

ஊட்ல எல்லாத்துகிட்டயும் கேட்டுட்டீங்களா சிஸ்டர் என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

ஜெபா பாயைப் பார்த்தாள். தெருவில் லாரியில் அண்டாவை ஏற்றிக்கொண்டிருந்த மும்தாஜ் அக்காவைப் பார்த்தாள்.

"நான் யார்ட்டயும் கேக்கல சார்" என்றாள். "அவியளே சொல்லிட்டாவ."